பார்ட்டிஷனை மாற்றிய பின் பூட் ஆகாத கணினியைச் சரிசெய்வது எப்படி?

விண்டோஸும் உபுண்டுவும் (லினக்ஸ் வகை இயங்குதளம்) ஒரே ஹார்ட் டிஸ்கில் இருக்கும் கணினியில், இடம் போதவில்லை என்று ஒரு பார்ட்டிஷனை (வட்டைப் பிரித்த பகுதியை) அழித்தோ சுருக்கியோ நகர்த்தியோ விட்டு, மறுபடி இயக்கும்போது கறுப்புத் திரையில் ஒற்றை வரிப் பிழைச்செய்தியோடு கணினி நின்றுவிடுவது அடிக்கடி நேரும் கோளாறு. அந்த நேரத்தில் பலரும் கோப்புகள் எல்லாம் போய்விட்டன என்றே முடிவுகட்டிவிடுகிறார்கள். பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனாலும் ‘ஃபார்மட் அடித்துவிடலாம்’ என்ற யோசனைதான் பெரும்பாலும் முதலில் வருகிறது. ஆனால் இத்தகைய கோளாறுகளில் பெரும்பாலானவற்றில் கோப்புகளுக்கு எதுவும் ஆகியிருப்பதில்லை. பவர் பொத்தானை அழுத்தியதிலிருந்து இயங்குதளம் திரையில் வரும்வரை ஒரு நிரல் அடுத்த நிரலைத் தேடிக் கண்டுபிடித்து இயக்கும் சங்கிலி ஒன்று இருக்கிறது. அதில் ஏதோ ஒரு கண்ணி, அடுத்ததைப் பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருக்கிறது. எந்தக் கண்ணி என்பதைத் திரையில் வரும் பிழைச்செய்தியே பெரும்பாலும் சொல்லிவிடும். ஆகவே கட்டளை எதையும் அடிப்பதற்கு முன் அந்தச் செய்தியைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கை வைப்பதற்கு முன்

பிழை எங்கே என்று தெரியும்வரை வட்டில் எதையும் எழுதக் கூடாது. மறுபடி விண்டோஸ் நிறுவுவது, வெற்றிடமாகத் தெரியும் பகுதியில் புதிய பார்ட்டிஷன் உருவாக்குவது, பிழை திருத்தும் மென்பொருள்களை வரிசையாக ஓட்டிப் பார்ப்பது ஆகிய எதுவும் இப்போது வேண்டாம். வட்டைக் கழற்றி விண்டோஸ் உள்ள வேறொரு கணினியில் இணைத்தால், லினக்ஸ் பார்ட்டிஷன் ஒவ்வொன்றையும் பார்த்து ‘இதை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்’ என்று விண்டோஸ் கேட்கலாம். அதற்குப் படிக்கத் தெரியாத கோப்பு முறைமை என்பதால்தான் அப்படிக் கேட்கிறது. பார்ட்டிஷன் பழுதாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. ‘கேன்சல்’ கொடுத்துவிடுங்கள்.

எஸ்எஸ்டி உள்ள கணினியில் இன்னும் கவனம் தேவை. பார்ட்டிஷனை அழிப்பது வேறு, ஃபார்மட் செய்வது வேறு. அழித்தால் அட்டவணையில் உள்ள விவரம் மட்டும் நீங்குகிறது. உள்ளடக்கம் பொதுவாக அப்படியே கிடக்கும். ஃபார்மட் செய்யும்போதோ, அந்த இடத்தில் இருப்பவை இனித் தேவையில்லை என்று இயங்குதளம் எஸ்எஸ்டிக்குத் தெரிவித்துவிடுகிறது. லினக்ஸில் இஎக்ஸ்டி4 பார்ட்டிஷனை உருவாக்கும் நிரல் தானாகவே இதைச் செய்யும். விரைவு ஃபார்மட்டில் விண்டோஸும் செய்யும். அதற்குப் பின் மீட்பது ஏறக்குறைய நடக்காத காரியம்.

இரண்டு பென் டிரைவ்களை வேறு கணினியில் தயார்செய்து கொள்ளுங்கள். ஒன்றில் விண்டோஸ் நிறுவல் கோப்புகள் இருக்கட்டும். இன்னொன்றில் உபுண்டுவை நிறுவாமலே இயக்கிப் பார்க்க உதவும் லைவ் பதிப்பு இருக்கட்டும். பிட்லாக்கர் (வட்டைக் குறியாக்கம் செய்யும் விண்டோஸ் வசதி) போட்ட விண்டோஸ் என்றால் 48 இலக்க மீட்பு எண்ணும் வேண்டும். புதிய விண்டோஸ் 11 மடிக்கணினிகள் பலவற்றில் பயனர் கேட்காமலேயே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும் என்பதால், ‘நான் பிட்லாக்கர் எதுவும் போடவில்லையே’ என்று நினைப்பவர்களும் தங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

எந்த முறையில் பூட் ஆகும் கணினி?

பழைய கணினிகளில் மதர்போர்டிலுள்ள தொடக்க மென்பொருளான பயாஸ், வட்டின் முதல் செக்டரை (வட்டின் சிறு அலகை) படிக்கிறது. எம்பிஆர் எனப்படும் அந்த 512 பைட்டுகளில் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கு; 64 பைட்டுகளில், ஒன்றுக்கு 16 பைட்டு வீதம், நான்கு பார்ட்டிஷன்களின் விவரம்; எஞ்சிய 2 பைட்டுகள் அடையாளக் குறி. நான்குக்கு மேல் பார்ட்டிஷன் வேண்டுமானால் நான்கில் ஒன்றை எக்ஸ்டெண்டட் ஆக்கி, அதற்குள் லாஜிக்கல் பார்ட்டிஷன்களைப் போட வேண்டும். லாஜிக்கல் பார்ட்டிஷன்களுக்கு லினக்ஸ் 5 முதல் எண் கொடுக்கும். உபுண்டுவைத் துவக்கும் நிரலான கிரப் பூட்லோடரின் முதல் துண்டு அந்த 446 பைட்டுகளிலும், அடுத்த துண்டு அதற்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்திலும் உட்கார்ந்திருக்கும்.

புதிய கணினிகளில் பயாஸுக்குப் பதிலாக யூஇஎஃப்ஐ இருக்கிறது. வட்டு ஜிபிடி என்ற புதிய அட்டவணை முறையில் பிரிக்கப்பட்டிருக்கும். அங்கே இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்ற சிறிய ஃபேட்32 பகுதியில், விண்டோஸுக்கு ‘மைக்ரோசாஃப்ட்’ என்றும் உபுண்டுவுக்கு ‘உபுண்டு’ என்றும் தனித்தனிக் கோப்புறைகளில் பூட்லோடர்கள் சாதாரணக் கோப்புகளாகவே இருக்கும். விண்டோஸ் நிறுவும்போது இப்பகுதி வழக்கமாக 100 எம்பி அளவில் உருவாகிறது. எந்தக் கோப்பை முதலில் இயக்குவது என்ற வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் பதிவாகியிருக்கும்.

உங்கள் கணினி எந்த வகை என்று அறிய, உபுண்டு லைவ் பென் டிரைவில் பூட் செய்து, ‘/சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ’ என்ற கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பென் டிரைவ் யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகியிருக்கிறது. விண்டோஸ் பென் டிரைவிலிருந்து டிஸ்க்பார்ட் என்ற பார்ட்டிஷன் கருவியைத் திறந்து ‘லிஸ்ட் டிஸ்க்’ என்று கேட்டால், ஜிபிடி வட்டுக்கு நேராகக் கடைசிப் பத்தியில் ஒரு நட்சத்திரக் குறி தெரியும். இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: சில கணினிகளின் பூட் மெனுவில் ஒரே பென் டிரைவ் இருமுறை, ஒன்று ‘யூஇஎஃப்ஐ’ என்ற முன்னொட்டோடும் மற்றது அது இல்லாமலும் காட்டப்படும். இயங்குதளம் எந்த முறையில் நிறுவப்பட்டதோ அதே முறையில் பென் டிரைவையும் பூட் செய்ய வேண்டும். மாற்றிச் செய்தால் கட்டளைகள் ஓடும், பிழை எதுவும் வராமலும் போகலாம், ஆனால் பூட்லோடர் தவறான இடத்தில் போய் உட்காரும்.

கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன்; திரையில் அவற்றை ஆங்கில எழுத்துகளில், இடைவெளிகளும் குறிகளும் மாறாமல் அடிக்க வேண்டும். லினக்ஸிலும் கிரப்பிலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு, விண்டோஸில் கிடையாது.

‘கிரப் ரெஸ்க்யூ’ என்று நின்றால்

பழைய பயாஸ் கணினிகளில் மிகுதியாக வருவது இதுதான். ‘நோ சச் பார்ட்டிஷன்’ என்ற பிழையும், அதன் கீழே ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற தூண்டியும் (கட்டளைக்காகக் காத்திருக்கும் வரி) தெரியும். இதன் காரணத்தைச் சற்று விரிவாகப் பார்த்துவிட்டால் தீர்வு தானாகவே விளங்கும்.

கிரப்பை நிறுவும்போது, தன் எஞ்சிய கோப்புகள் எத்தனையாவது பார்ட்டிஷனில் இருக்கின்றன என்பதை அது தன் இரண்டாம் துண்டுக்குள் எழுதி வைத்துக்கொள்கிறது. உங்கள் வட்டில் 5ஆம் எண்ணில் விண்டோஸின் டி டிரைவும், 6இல் உபுண்டுவும் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். டி டிரைவை அழித்துவிட்டீர்கள். லாஜிக்கல் பார்ட்டிஷன்களின் எண் அவற்றின் வரிசையைப் பொறுத்ததே என்பதால், 6ஆக இருந்த உபுண்டு உடனே 5 ஆகிவிடுகிறது. கிரப் இன்னும் 6ஐத் தேடுகிறது. 6 என்று ஒன்று இல்லை. உபுண்டுவில் நீங்கள் எதையும் தொடவில்லை, இருந்தும் அது பூட் ஆகாது. உபுண்டு பூட் ஆகாததோடு நிற்காமல், கிரப் மெனு வழியாக வரும் விண்டோஸும் சேர்ந்து முடங்கிவிடும்.

செய்தி சற்று மாறினால் காரணமும் சற்று மாறும். ‘அன்நோன் ஃபைல்சிஸ்டம்’ என்று வந்தால், கிரப் தேடிய எண்ணில் ஒரு பார்ட்டிஷன் இருக்கிறது, ஆனால் அதில் கிரப்புக்குப் படிக்கத் தெரிந்தது எதுவும் இல்லை. ‘நார்மல்’ என்ற கோப்பு கிடைக்கவில்லை என்றால், பார்ட்டிஷனைப் படிக்க முடிந்தது, கிரப் கோப்புறை மட்டும் அதில் இல்லை. ‘நோ சச் டிவைஸ்’ என்று சொல்லிவிட்டு நீண்ட எழுத்தெண் வரிசை ஒன்றைக் காட்டினால், அந்த யூயூஐடி (பார்ட்டிஷனின் தனி அடையாள எண்) கொண்ட பார்ட்டிஷன் அழிந்திருக்கிறது அல்லது மறுபடி ஃபார்மட் ஆகியிருக்கிறது.

ரெஸ்க்யூ தூண்டியில் வேலை செய்பவை சில கட்டளைகள் மட்டுமே. மற்றவற்றுக்கு ‘அன்நோன் கமாண்ட்’ என்றே பதில் வரும். முதலில் எல், எஸ் என்ற இரண்டெழுத்துக் கட்டளையை அடியுங்கள். வட்டும் அதிலுள்ள பார்ட்டிஷன்களும் இப்படி ஒரு வரிசையாகத் தெரியும்:

(எச்டி0) (எச்டி0,எம்எஸ்டாஸ்5) (எச்டி0,எம்எஸ்டாஸ்1)

ஜிபிடி வட்டாக இருந்தால் ‘எம்எஸ்டாஸ்’ இருக்கும் இடத்தில் ‘ஜிபிடி’ என்று வரும். இனி ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும். எல்எஸ் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அடைப்புக்குறியோடு பார்ட்டிஷன் பெயரையும், அதையடுத்து ஒரு சாய்கோட்டையும் இடுங்கள். ‘பூட்’, ‘ஹோம்’, ‘ஈடிசி’ போன்ற கோப்புறைகள் தெரிந்தால் அதுவே உபுண்டு. அந்தச் சாய்கோட்டை மறந்துவிட்டால் கோப்புறைகளைக் காட்டாமல் பார்ட்டிஷனைப் பற்றிய பொது விவரத்தை மட்டும் காட்டும். அதைப் பார்த்துப் பார்ட்டிஷன் காலியாகிவிட்டது என்று பதற வேண்டாம். உபுண்டு 5இல் கிடைத்தால், பின்வரும் நான்கு வரிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடியுங்கள்:

செட் பிரிஃபிக்ஸ்=(எச்டி0,எம்எஸ்டாஸ்5)/பூட்/கிரப்
செட் ரூட்=(எச்டி0,எம்எஸ்டாஸ்5)
இன்ஸ்மாட் நார்மல்
நார்மல்

சமக்குறியின் இருபுறமும் இடைவெளி இருக்கக் கூடாது. மூன்றாவது வரிக்குப் பதில் எதுவும் வராமல் தூண்டி மட்டும் திரும்பினால், சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள். நான்காவது வரிக்குப் பழைய கிரப் மெனு திரும்பிவிடும். அதிலிருந்து உபுண்டுவுக்குள் போகலாம். ‘பூட்’ கோப்புறைக்கென்றே தனிப் பார்ட்டிஷன் வைத்திருப்பவர்கள், முதல் வரியில் ‘/பூட்’ என்பதை நீக்கிவிட்டு ‘/கிரப்’ என்று மட்டும் எழுத வேண்டும்.

இதோடு வேலை முடிந்துவிடவில்லை. நீங்கள் சொன்னது அந்த ஒரு முறைக்கு மட்டுமே. அணைத்துப் போட்டால் மறுபடி ரெஸ்க்யூ தூண்டிதான் வரும். உபுண்டுவுக்குள் வந்தவுடன் டெர்மினலைத் திறந்து ‘சூடோ கிரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிஏ’ என்றும், பிறகு ‘சூடோ அப்டேட்-கிரப்’ என்றும் இடுங்கள். முதல் கட்டளையில் வட்டின் பெயர்தான் வர வேண்டும். பார்ட்டிஷன் எண்ணைச் சேர்த்து ‘எஸ்டிஏ5’ என்று எழுதக் கூடாது.

ரெஸ்க்யூவில் நான்கு வரிகளும் பலிக்கவில்லை என்றால் லைவ் பென் டிரைவே வழி. அதில் பூட் செய்து, உபுண்டு இருக்கும் பார்ட்டிஷனை எம்என்டி கோப்புறையில் மவுண்ட் செய்யுங்கள், அதாவது இணையுங்கள். யூஇஎஃப்ஐ கணினி என்றால் இஎஃப்ஐ பார்ட்டிஷனை அதற்குள் ‘/பூட்/இஎஃப்ஐ’ என்ற இடத்தில் மவுண்ட் செய்யுங்கள். பிறகு டெவ், பிராக், சிஸ், ரன் ஆகிய நான்கையும் ‘மவுண்ட் --பைண்ட்’ கொண்டு உள்ளே இணைத்து, ‘சூடோ சிஎச்ரூட் /எம்என்டி’ என்று கொடுத்தால், நிறுவப்பட்ட உபுண்டுவுக்குள்ளேயே நின்று வேலை செய்வதாகும். அங்கே மேற்சொன்ன இரண்டு கட்டளைகளையும் ஓட்டலாம். யூஇஎஃப்ஐ கணினியில் கிரப்-இன்ஸ்டாலுக்கு வட்டின் பெயர் தேவையில்லை. இவ்வளவையும் ஒரே பொத்தானில் செய்துமுடிக்கும் பூட்-ரிப்பேர் என்ற கருவியும் இருக்கிறது. நல்ல கருவிதான், ஆனால் அது என்ன செய்யப்போகிறது என்று காட்டும் அறிக்கையைப் படிக்காமல் பொத்தானை அழுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உபுண்டுவை அழித்த பின் வெறும் ‘கிரப்’ தூண்டி

யூஇஎஃப்ஐ கணினியில் விண்டோஸிலிருந்து லினக்ஸ் பார்ட்டிஷன்களை அழித்துவிட்டு, அந்த இடத்தை சி டிரைவோடு சேர்ப்பவர்களுக்கு இது வரும். இஎஃப்ஐ பார்ட்டிஷனில் உபுண்டுவின் கோப்புறை அழியாமல் கிடக்கும். மதர்போர்டும் வழக்கம்போல் அதையே முதலில் இயக்கும். அதுவோ இல்லாத பார்ட்டிஷனைத் தேடிக் களைத்து ‘கிரப்’ என்று நின்றுவிடும். விண்டோஸுக்கு எந்தக் குறையும் நேர்ந்திருக்காது. தூண்டியில் ‘எக்ஸிட்’ என்று அடித்தாலே பல கணினிகள் அடுத்த பதிவான விண்டோஸுக்குப் போய்விடும். போகவில்லை என்றால் பூட் மெனுவைத் திறந்து ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். டெல், லெனோவா கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப் விசை அந்த மெனுவைத் திறக்கும்.

விண்டோஸ் வந்ததும், நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ‘மவுண்ட்வால் எஸ்: /எஸ்’ என்று கொடுத்தால் இஎஃப்ஐ பார்ட்டிஷன் எஸ் என்ற எழுத்தில் தெரியும். அதிலுள்ள ‘இஎஃப்ஐ’ கோப்புறைக்குள் ‘உபுண்டு’ என்பதை மட்டும் நீக்குங்கள். ‘மைக்ரோசாஃப்ட்’, ‘பூட்’ ஆகிய இரண்டின் பக்கமும் போக வேண்டாம். பின்பு பயாஸ் அமைப்புகளில் பூட் வரிசையில் விண்டோஸை முதலில் வைத்துவிட்டால் போதும்.

விண்டோஸே பிழை காட்டினால்

நீலத் திரையில் 0எக்ஸ்சி000000இ அல்லது 0எக்ஸ்சி0000225 என்ற எண் வந்தால், விண்டோஸ் பூட் மேனேஜர் இயங்கிவிட்டது, ஆனால் அதன் பட்டியலான பிசிடியில் குறித்திருக்கும் இடத்தில் விண்டோஸ் இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். எம்பிஆர் வட்டில் இந்தப் பட்டியல் ஒரு பார்ட்டிஷனை வட்டின் கையொப்ப எண்ணையும், அந்தப் பார்ட்டிஷன் தொடங்கும் இடத்தையும் வைத்தே அடையாளம் காண்கிறது. சி டிரைவை அதன் வலது ஓரத்தில் சுருக்கினால் தொடக்கம் மாறாது. அதனால் ஒன்றும் ஆகாது. இடது ஓரத்தை நகர்த்தினால் தொடக்கம் மாறிவிடும், பட்டியல் பொய்த்துவிடும். ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் மென்பொருள் ஒரு பார்ட்டிஷனை நகர்த்துமுன் ‘உங்கள் இயங்குதளம் பூட் ஆகாமல் போகலாம்’ என்று எச்சரிப்பது வெறும் சம்பிரதாயத்துக்காக அல்ல.

விண்டோஸ் பென் டிரைவில் பூட் செய்து, நிறுவலின் முதல் திரையில் ஷிஃப்ட், எஃப்10 ஆகிய இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கமாண்ட் பிராம்ப்ட் திறக்கும். ‘டிஸ்க்பார்ட்’ என்று நுழைந்து ‘லிஸ்ட் வால்யூம்’ கேளுங்கள். இங்கே தெரியும் டிரைவ் எழுத்துகளை நம்பிவிடக் கூடாது. வழக்கமாக சி என்றிருக்கும் விண்டோஸ் இங்கே டி ஆகவோ இ ஆகவோ இருக்கலாம். எக்ஸ் என்பது பென் டிரைவிலிருந்து நினைவகத்தில் ஏறிய தற்காலிகச் சூழல். அளவைப் பார்த்தும், டிஸ்க்பார்ட்டை விட்டு வெளியே வந்து ‘டிர் டி:\’ என்பது போல ஒவ்வொன்றாகத் திறந்து ‘விண்டோஸ்’, ‘யூசர்ஸ்’ கோப்புறைகள் இருக்கின்றனவா என்று பார்த்தும் உறுதிசெய்து கொள்ளுங்கள்.

யூஇஎஃப்ஐ கணினியில், வால்யூம் பட்டியலில் 100 எம்பி அளவில் ஃபேட்32 என்று தெரிவதே பெரும்பாலும் இஎஃப்ஐ பார்ட்டிஷன். அது 3ஆம் வால்யூம் என்றால் ‘செலக்ட் வால்யூம் 3’, பிறகு ‘அசைன் லெட்டர்=எஸ்’, பிறகு ‘எக்ஸிட்’. விண்டோஸ் சி எழுத்தில் இருந்தால் அடுத்த கட்டளை இது:

பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ

பூட் கோப்புகள் வெற்றிகரமாக உருவாயின என்று ஒரே வரியில் பதில் வரும். அவ்வளவே. இணையத்தில் பலரும் சொல்லும் ‘பூட்ரெக் /ஃபிக்ஸ்பூட்’ என்பதை விண்டோஸ் 10இன் பிற்காலப் பதிப்புகளிலும் விண்டோஸ் 11இலும் அடித்துவிட்டு, ‘ஆக்சஸ் இஸ் டினைடு’ என்ற பதிலோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். யூஇஎஃப்ஐ கணினிக்கு அந்தக் கட்டளை தேவையே இல்லை. பிசிடிபூட் ஒன்றே போதும்.

பயாஸ் கணினியில் கிரப்பை நீக்கிவிட்டு விண்டோஸ் மட்டும் போதும் என்றால் ‘பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்’ உதவும்; அது தொடக்க நிரலை மட்டும் மாற்றும், பார்ட்டிஷன் அட்டவணையைத் தொடாது. அதற்குப் பின்னும் கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தால், எந்தப் பார்ட்டிஷனும் ஆக்டிவ் (பூட் ஆக வேண்டியது) என்று குறிக்கப்படாமல் இருக்கலாம். டிஸ்க்பார்ட்டில் ‘சிஸ்டம் ரிசர்வ்ட்’ பார்ட்டிஷனை, அது இல்லாத கணினியில் சி டிரைவைத் தேர்ந்தெடுத்து ‘ஆக்டிவ்’ என்று ஒரு சொல் அடித்தால் சரியாகும்.

‘எதற்கு இந்த 100 எம்பி?’ என்று இஎஃப்ஐ பார்ட்டிஷனையே அழித்தவர்களும் உண்டு. அவர்களுக்கும் வழி இருக்கிறது. டிஸ்க்பார்ட்டில் அந்த வட்டைத் தேர்ந்தெடுத்து, அழித்த இடம் இன்னும் வெற்றிடமாக இருந்தால் ‘கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ சைஸ்=100’ என்று இடுங்கள்; அந்த இடத்தை சி டிரைவ் விழுங்கிவிட்டிருந்தால், முதலில் சி வால்யூமைத் தேர்ந்தெடுத்து ‘ஷ்ரிங்க் டிசையர்டு=300’ என்று இடம் உண்டாக்குங்கள். புதிய பார்ட்டிஷன் உருவானதும் அடுத்து வருவது ‘ஃபார்மட் குவிக் எஃப்எஸ்=ஃபேட்32’. இந்த வரியில் என்டரைத் தட்டுவதற்கு முன் ‘லிஸ்ட் பார்ட்டிஷன்’ கேட்டு, நட்சத்திரக் குறி புதிய பார்ட்டிஷன் பக்கத்தில்தான் நிற்கிறதா என்று பாருங்கள். டிஸ்க்பார்ட் ‘உறுதியா?’ என்று திருப்பிக் கேட்காது. பிறகு எழுத்துக் கொடுத்து, பிசிடிபூட்டை மேற்சொன்னபடி ஓட்டலாம்.

டைனமிக் டிஸ்க் என்ற பொறி

எம்பிஆர் வட்டில் நான்கு பார்ட்டிஷன்கள் நிறைந்த பின் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் இன்னொன்றை உருவாக்கப் போனால், வட்டை டைனமிக் டிஸ்காக (விண்டோஸுக்கே உரிய வேறொரு வட்டுப் பிரிப்பு முறை) மாற்றப்போவதாக ஓர் எச்சரிக்கை வரும். வேறு இயங்குதளங்கள் அந்த வட்டிலிருந்து பூட் ஆகாது என்றும் அதிலேயே எழுதியிருக்கும். படிக்காமல் ‘யெஸ்’ கொடுத்துவிட்டால், லினக்ஸ் அந்த வட்டைக் கையாள்வது சிக்கலாகிவிடும். விண்டோஸ் தரும் கருவிகளைக் கொண்டு திரும்ப பேசிக் டிஸ்க் ஆக்க வேண்டுமானால் வால்யூம்கள் எல்லாவற்றையும் அழித்தாக வேண்டும். ஆகவே அந்தக் கட்டத்தில் வேறெதற்கும் முன் கோப்புகளை லைவ் பென் டிரைவ் வழியாகவோ விண்டோஸ் வழியாகவோ வெளி வட்டுக்கு நகலெடுத்துவிடுங்கள்.

கிரப் மெனு வருகிறது, லினக்ஸ் மட்டும் தடுமாறுகிறது

லோகோ சுழன்றுகொண்டே இருந்து, ஏறக்குறைய 90 வினாடிகள் கழித்து ‘எமர்ஜென்சி மோட்’ என்று நிற்கிறதா? பூட்லோடரில் குறை இல்லை. துவங்கும்போது எந்தெந்தப் பார்ட்டிஷனை இணைப்பது என்று எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் யூயூஐடி வாரியாக எழுதியிருக்கும். அழித்துவிட்ட அல்லது மறுபடி ஃபார்மட் செய்த ஒரு பார்ட்டிஷனின் பழைய எண்ணுக்காக லினக்ஸ் காத்திருந்து கைவிட்டிருக்கிறது. ஸ்வாப் பார்ட்டிஷன் (நினைவகம் போதாதபோது உதவும் வட்டுப் பகுதி) மட்டும் மாறியிருந்தால், பெரும்பாலும் சற்றுக் காத்திருந்த பின் லினக்ஸ் துவங்கிவிடும்.

என்டரைத் தட்டினால் ஒரு தூண்டி கிடைக்கும். ‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’ என்று, அதாவது எல், எஸ், பி, எல், கே என்ற ஐந்தெழுத்துக் கட்டளையை எஃப் என்ற துணைக்குறியோடு கொடுத்தால் இப்போதிருக்கும் பார்ட்டிஷன்களும் அவற்றின் யூயூஐடிகளும் தெரியும். ‘நானோ /ஈடிசி/எஃப்எஸ்டேப்’ என்று கோப்பைத் திறந்து, பட்டியலில் இல்லாத எண் உள்ள வரியின் தொடக்கத்தில் ஒரு எண்குறியை, அதாவது # என்பதை, இட்டுச் செயலிழக்கச் செய்யுங்கள். அல்லது புதிய எண்ணை எழுதுங்கள். சேமிக்க விடவில்லை என்றால் ‘மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /’ என்று கொடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். ‘ஃபைண்ட்மவுண்ட்’ என்பதன் சுருக்கமான எஃப்ஐஎன்டிஎம்என்டி கட்டளையை ‘--வெரிஃபை’ என்பதோடு சேர்த்து ஓட்டினால், கோப்பில் வேறு பிழை இருந்தாலும் சொல்லிவிடும். மாறியது ஸ்வாப் என்றால், ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ’ என்பதையும் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் துவக்கத்தில் சற்று நேரம் வீணாகக் காத்திருக்கும்.

பார்ட்டிஷனே காணவில்லை என்றால்

இதுவரை சொன்னவை, பார்ட்டிஷன் இருக்கிறது, வழிதான் தவறிவிட்டது என்ற நிலைக்கு. தவறான பார்ட்டிஷனை அழித்துவிட்டால் முதலில் அட்டவணையை மீட்க வேண்டும். ஜிபிடி வட்டின் கடைசியில் அட்டவணையின் இரண்டாம் நகல் ஒன்று இருக்கிறது என்பது உண்மை. ஆனால் முறையான கருவி ஒன்றால் பார்ட்டிஷனை அழித்திருந்தால் அக்கருவி இரண்டு நகல்களையும் சேர்த்தே திருத்தியிருக்கும். வட்டின் தொடக்கம் மட்டும் சிதைந்திருந்தால்தான் ஜிடிஸ்க் மென்பொருளின் மீட்பு மெனுவால் அந்த இரண்டாம் நகல் பயன்படும்.

அழித்தவற்றைத் தேட டெஸ்ட்டிஸ்க் உதவும். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய இந்த இலவச மென்பொருளை உபுண்டு லைவ் பென் டிரைவில் நிறுவி ஓட்டலாம். அட்டவணை வகையை அதுவே ஊகித்துக் காட்டும். ‘அனலைஸ்’, பிறகு ‘குவிக் சர்ச்’ என்று சென்றால், வட்டில் ஆங்காங்கே கிடைக்கும் கோப்பு முறைமைத் தடயங்களைக் கொண்டு பழைய பார்ட்டிஷன்களைப் பட்டியலிடும். ஒவ்வொன்றின் மேலும் நின்று பி விசையை அழுத்தினால் உள்ளிருக்கும் கோப்புகள் தெரியும். இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள்: பல ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தில் இருந்து மறைந்த பார்ட்டிஷன்களின் தடயங்களும் பட்டியலில் கலந்திருக்கும், கோப்புகள் ஒழுங்காகத் தெரிந்தால் மட்டுமே அது நீங்கள் தேடுவது. எல்லாம் பொருந்திய பின்பே ‘ரைட்’ கொடுங்கள். முக்கியமான கோப்புகள் என்றால், எழுதுவதற்கு முன் அதே திரையிலிருந்து சி விசையால் அவற்றை வெளி வட்டுக்கு நகலெடுத்துக்கொள்ளவும் முடியும்.

பார்ட்டிஷனை நகர்த்திக்கொண்டிருக்கும்போது பாதியில் மின்சாரம் நின்றுபோனதுதான் இவற்றில் மோசமானது. நகர்த்தல் என்றால் உள்ளிருக்கும் தரவு அனைத்தும் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகலாகிறது. பாதி புதிய இடத்திலும் பாதி பழைய இடத்திலும் கிடக்கும்போது அட்டவணையை மீட்டுப் பயனில்லை. வட்டு முழுவதையும் வேறொரு வட்டில் படியெடுத்துவிட்டு, அந்தப் படியிலிருந்து ஃபோட்டோரெக் போன்ற மென்பொருளால் கோப்புகளைத் தனித்தனியே பொறுக்க வேண்டியதுதான். கோப்புப் பெயர்கள் திரும்பக் கிடைக்காது.

அடுத்த முறை பார்ட்டிஷனில் கை வைக்குமுன், லினக்ஸில் ‘சூடோ எஸ்எஃப்டிஸ்க் -டி /டெவ்/எஸ்டிஏ’ என்பதன் விடையை ஒரு கோப்பில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பார்ட்டிஷனும் எந்தச் செக்டரில் தொடங்குகிறது, எத்தனை செக்டர் நீளம் என்று சில வரிகளில் அது சொல்லிவிடும். அதே கோப்பை எஸ்எஃப்டிஸ்க்குக்குத் திருப்பிக் கொடுத்தால் அட்டவணை பழையபடி அமைந்துவிடும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை (கணினியை முழுமையாக அணைக்காமல் வைக்கும் வசதியை) நிறுத்தி, முழுமையாக அணைத்த பிறகே லைவ் பென் டிரைவிலிருந்து விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனைச் சுருக்குங்கள். மடிக்கணினி என்றால் சார்ஜர் செருகியிருக்கட்டும். அட்டவணையைச் சேமித்த கோப்பு அதே வட்டில் இருந்தால் பயன்படாது. பென் டிரைவில் வையுங்கள்.